ரிச்சர்ட் எவன்ஸ்: ஜெர்மனியின் கதையை எழுதிய வரலாற்றாசிரியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாஜி ஜெர்மனி பற்றிப் பேச்சு வந்தால் எப்படியாவது ரிச்சர்ட் எவன்ஸ் பெயரை இழுத்துவிடுவது என் வழக்கம். அப்படி இழுத்தபோதெல்லாம் நண்பர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றிரண்டுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்?

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர். 1947இல் லண்டனை ஒட்டிய உட்ஃபர்டில் பிறந்தவர்; பெற்றோர் வேல்ஸ்காரர்கள். 2008 முதல் 2014 வரை கேம்பிரிட்ஜில் ரெஜியஸ் வரலாற்றுப் பேராசிரியர். 1724இல் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய பதவி அது. 2012இல் 'சர்' பட்டம் வந்தது.

பொதுவாசகர்களுக்கு இவரை நாஜி ஜெர்மனி பற்றிய மூன்று பெரிய பாகங்களால் தெரியும். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள், 2000ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்தில், யூத இனப்படுகொலையை மறுத்த எழுத்தாளர் டேவிட் இர்விங்கின் புளுகை அவிழ்த்தவர் என்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வாந்திபேதிதான், அதாவது காலரா. காரணம் கீழே வருகிறது.

லண்டன் பக்கத்துப் பையனுக்கு ஜெர்மனி மேல் என்ன ஈடுபாடு?

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தலைமுறை. கிழக்கு லண்டனில் குண்டு விழுந்து இடிந்த இடங்கள் சரிசெய்யப்படாமல் கிடந்ததைச் சிறுவயதில் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் செய்தது யார், ஏன் என்ற கேள்வி அந்த வயதில் வருவது இயல்புதானே.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. 1960களின் பிற்பாதியில் அவர் அங்கே படித்தபோது ஜெர்மன் வரலாற்றில் பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க் பேராசிரியர் ஃப்ரிட்ஸ் ஃபிஷர் 1961இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். முதல் உலகப் போருக்கு ஜெர்மன் ஆட்சியாளர்களின் பங்கு மிகப் பெரியது, அன்றைய நாடுபிடிக்கும் ஆசைக்கும் ஹிட்லரின் ஆசைக்கும் தொடர்ச்சி உண்டு என்பது அவர் வாதம். ஜெர்மனியின் மூத்த பேராசிரியர்கள் கொதித்தார்கள். இளைஞர்களுக்கோ, ஹிட்லரை விளக்க, அவர் ஆட்சிக்கு வந்த 1933இல் தொடங்கினால் போதாது, பின்னால் போக வேண்டும் என்று பட்டது. எவன்ஸும் பின்னால்தான் போனார்.

அப்படியானால் ஹிட்லரில் தொடங்கவில்லையா?

இல்லை. முனைவர் பட்ட ஆய்வு ஜெர்மனியின் பெண்கள் இயக்கம் பற்றியது. 1972இல் பட்டம் வாங்கினார். 1976இல் நூலாக வந்தது. காலம் 1894 முதல் 1933 வரை. பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கிய ஆண்டு 1894. நாஜிகள் வந்ததும் அது தன்னைத்தானே கலைத்துக்கொண்ட ஆண்டு 1933.

அந்தக் காலத்தில் இது துணிச்சலான தலைப்பு. ராஜதந்திரமும் போரும் கட்சிகளும்தான் சரித்திரம் என்று பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் 1908 வரை பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரவே சட்டம் விடவில்லை. பத்தே ஆண்டுகளில், 1918இல், வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் நடுத்தர வர்க்கப் பெண்கள் இயக்கம் இதற்குள்ளாகவே வலப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது என்று எவன்ஸ் காட்டினார். விடுதலை கேட்டுக் கிளம்பிய இயக்கம் ஏன் அப்படிச் சாய்ந்தது என்ற கேள்விக்குள்ளேயே 1933 ஒளிந்திருக்கிறது.

ஆவணங்களைப் படிக்க ஜெர்மன் மொழி தெரிந்தால் போதுமா?

போதாது. அச்சு பழைய ஃப்ராக்டுர் எழுத்தில் இருக்கும், அது பழகிவிடும். கையெழுத்துதான் சோதனை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஜெர்மானியர்கள் எழுதிய பழைய கூட்டெழுத்தை இன்றைய ஜெர்மானியர்களே படிக்கத் திணறுவார்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை விரித்துவைத்துக்கொண்டு முழித்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை வழக்குப் பகுதியில் சொல்கிறேன்.

இன்னொன்று, எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் ஆவணங்களும் பிரிந்துகிடந்தன. மேற்கே கோப்லென்ஸ், கிழக்கே போட்ஸ்டாம், மெர்ஸெபர்க். கிழக்கு ஜெர்மனிக்குள் போக அனுமதி வாங்க வேண்டும், அங்கே போனபின் எந்த ஆவணக் கட்டைக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கையில்.

ஹாம்பர்க் காப்பகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு புதையலைச் சொல்லாமல் விட முடியாது. 1892 முதல் 1914 வரை ஹாம்பர்க் அரசியல் போலீஸ் தன் ஆட்களைத் தொழிலாளி வேடத்தில் மதுக்கடைகளுக்கு அனுப்பியது. அவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டே பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்பார்கள். திரும்பி வந்து எழுதிக்கொடுப்பார்கள். விலைவாசி, முதலாளி, போலீஸ், சாமி, சக்கரவர்த்தி, மனைவி, எல்லாம் பேசியிருக்கிறார்கள். சதித்திட்டம் தேடிப் போன போலீஸ்காரர்கள், சாதாரண மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அருமையான பதிவை விட்டுப் போனார்கள். அதில் ஒரு பகுதியைத் தொகுத்து 1989இல் எவன்ஸ் ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டார்.

அந்த ஹாம்பர்க் வாந்திபேதி என்ன கதை?

என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே சிறந்தது இதுதான். 1987இல் வந்த 'டெத் இன் ஹாம்பர்க்'. வுல்ஃப்சன் வரலாற்று விருது வாங்கியது. தங்கள் ஊர் மானத்தை வாங்கிய நூல் என்று பார்க்காமல், ஹாம்பர்க் நகரமும் 1993இல் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது.

1892 ஆகஸ்ட். நல்ல வெயில், எல்பே ஆற்றில் தண்ணீர் குறைவு. ஹாம்பர்கில் வாந்திபேதி வெடித்தது. சில வாரங்களுக்குள் சுமார் 17,000 பேருக்கு நோய், ஏறத்தாழ 8,600 பேர் சாவு. மேற்கு ஐரோப்பாவின் வேறெந்தப் பெருநகரமும் அந்த ஆண்டு இப்படி அடிவாங்கவில்லை. ஹாம்பர்க் மட்டும் ஏன்?

பதில் குழாயில் இருந்தது. ஹாம்பர்க் எல்பே தண்ணீரை வடிகட்டாமலே வீடுகளுக்கு அனுப்பியது. அந்தக் குழாய்களுக்குள் வாழும் ஜீவராசிகளைப் பற்றியே கார்ல் க்ரேப்பலின் என்ற விலங்கியலாளர் 1885இல் தனி ஆய்வு எழுதினார் என்றால் தண்ணீரின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்கை ஒட்டியே அல்டோனா என்ற ஊர், பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. அல்டோனா தண்ணீர் எடுத்தது ஹாம்பர்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில். அங்கேதான் பிணம் குவிந்திருக்க வேண்டும். ஆனால் அல்டோனா தண்ணீரை மணலில் வடிகட்டியது. இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்தில் இல்லை.

இதுவரை மருத்துவக் கதை. எவன்ஸ் கேட்டது அடுத்த கேள்வி: வடிகட்டி ஏன் கட்டவில்லை? ஹாம்பர்க் வணிகர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் ஆண்ட நகரம். ஏழைகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. வடிகட்டி என்றால் செலவு, செலவென்றால் வரி, வரி யார் தலையில் என்று வருடக்கணக்காக இழுத்தார்கள். நோய் வந்த பிறகும் உடனே அறிவிக்கவில்லை. அறிவித்தால் துறைமுகம் முடங்கும். நோய் தண்ணீரால் பரவுவதில்லை, மண்ணிலிருந்து எழும் நச்சால்தான் என்று மியூனிக்கின் சுகாதார விஞ்ஞானி பெட்டன்கோஃபர் சொல்லிவந்த கோட்பாடு அவர்களுக்கு வசதியாக இருந்தது. அதை நம்பினால் கப்பல்களை நிறுத்த வேண்டியதில்லை.

பெர்லினிலிருந்து ராபர்ட் கோஹ் வந்தார். 1884இல் கல்கத்தாவில் இந்த நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தவர் அவர்தான். குடிசைகள் நெருக்கியடித்த சந்துகளைப் பார்த்துவிட்டு, தான் ஐரோப்பாவில் இருப்பதே மறந்துபோகிறது என்று சொன்னாராம். கல்கத்தாவைப் பார்த்த கண்கள் சொன்னது என்பதால், இந்தியன் ஒருவன் அதைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஒரு தொற்றுநோயை எடுத்து, அதன் வழியாக வாடகை, வரி, ஓட்டு, சாக்கடை, விஞ்ஞானச் சண்டை என்று ஒரு நகரத்தையே அறுத்துக் காட்டிய நூல். கொரோனா காலத்தில் பலர் இதைத் தேடிப் படித்ததில் ஆச்சரியமில்லை.

ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் இவரை எப்படிப் பார்த்தார்கள்?

ஆரம்பத்தில் கொஞ்சம் உரசல்தான். 1970களில் ஹன்ஸ் உல்ரிஷ் வேலர் போன்றவர்களின் செல்வாக்கு அதிகம். ஜெர்மனி தொழிலில் முன்னேறியது, ஆனால் அரசியலில் பழைய நிலப்பிரபுக்கள் பிடி விடவில்லை, அந்தத் தனிப்பாதைதான் ஹிட்லரிடம் கொண்டுவிட்டது என்பது அவர்கள் பார்வை. எவன்ஸ் 1978இல் இளம் பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் தொகுத்து, இதில் மக்கள் எங்கே என்று கேட்டார். மேலே நாலு பேர் கயிறு இழுக்க, கீழே எல்லோரும் பொம்மையாக ஆடினார்களா? மதுக்கடைப் பேச்சைப் படித்தவருக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

1986இல் வேறு சண்டை. எர்ன்ஸ்ட் நோல்ட்டே என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர், நாஜிக் கொலைகளை சோவியத் கொடுமைகளுக்கு ஒருவித எதிர்வினையாகக் காட்ட முயன்றார். தத்துவவாதி ஹேபர்மாஸ் பதிலடி கொடுக்க, பத்திரிகைகளில் மாதக்கணக்கில் ஓடியது. எவன்ஸ் 1989இல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோல்ட்டே தரப்பை அவர் விட்டுவைக்கவில்லை.

பல்கலைக்கழக வேலை எப்படிப் போனது?

சாதாரணமாகத்தான். ஸ்டர்லிங்கில் நான்கு வருடம், பிறகு நாரிச்சில் உள்ள ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம், 1989இல் லண்டன் பிர்க்பெக். பிர்க்பெக் பகலில் வேலைபார்ப்பவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் கல்லூரி. 1998இல் கேம்பிரிட்ஜ். ஐம்பது வயது வரை பெரிய பெயர் பெற்ற இடங்கள் எதிலும் வேலை பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மெச்சும் ஹாம்பர்க் நூல் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது.

மரண தண்டனை பற்றி ஒரு தடிமனான நூல் உண்டாமே?

உண்டு. 1996இல் வந்தது, ஜெர்மனியில் 1600 முதல் 1987 வரை தண்டனையின் வரலாறு. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். மேற்கு ஜெர்மனி 1949இல் மரண தண்டனையை ஒழித்ததை மனிதநேயத்தின் வெற்றி என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த யோசனையை முதலில் முன்வைத்தவர் ஒரு தீவிர வலதுசாரி உறுப்பினர். நாஜிப் போர்க்குற்றவாளிகளைத் தூக்கிலிருந்து காப்பாற்றுவதே நோக்கம்.

சரி, இர்விங் வழக்கு. ஒரு வரலாற்றாசிரியருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?

அமெரிக்கப் பேராசிரியர் டெபோரா லிப்ஸ்டாட், யூத இனப்படுகொலையை மறுப்பவர்களைப் பற்றி 1993இல் எழுதிய நூலில் இர்விங்கையும் சேர்த்திருந்தார். இர்விங் பல நூல்கள் எழுதியவர், ஆவணம் தேடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். 1996இல் அவர் லிப்ஸ்டாட் மீதும் பெங்குயின் பதிப்பகத்தின் மீதும் லண்டனில் அவதூறு வழக்கு போட்டார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டியது பிரதிவாதியின் பாடு.

லிப்ஸ்டாட் தரப்பு வழக்கறிஞர்கள் நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்கள் யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. லிப்ஸ்டாட்டும் சாட்சி சொல்லவில்லை. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடிய இர்விங், அந்த முதியவர்களைக் குறுக்கு விசாரணை என்ற பெயரில் அவமானப்படுத்த விடக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கொலை நடந்ததா என்று விவாதிக்க அவர்கள் வரவில்லை. இர்விங் ஆவணங்களைத் தெரிந்தே திரித்தாரா என்பதுதான் கேள்வி. அதற்குத் தேவைப்பட்டவர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூல ஆவணம் வரை போய்ப் பார்க்கும் ஆள்.

எவன்ஸும் இரண்டு இளம் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த வேலையைச் செய்தார்கள். அறிக்கை 700 பக்கங்களைத் தாண்டியது.

என்ன கண்டுபிடித்தார்கள்?

இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது, நாஜிகளின் எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லரின் தொலைபேசிக் குறிப்பு. 1941 நவம்பர் 30 அன்று ஹிட்லரின் தலைமையகத்திலிருந்து, எஸ்எஸ்ஸில் தனக்குக் கீழிருந்த ஹைட்ரிஷுடன் பேசியபோது ஹிம்லர் கையால் எழுதிய குறிப்பில், 'பெர்லினிலிருந்து யூதர் ரயில். கொலை கூடாது' என்று இருக்கிறது. இர்விங் இதைவைத்து, யூதர்களைக் கொல்லக்கூடாது என்று ஹிட்லரே பொதுவாக உத்தரவிட்டார் என்று எழுதினார். குறிப்பில் இருப்பதோ ஒரே ஒரு ரயில். அதில் ஹிட்லர் பெயரே இல்லை. அந்த ரயிலில் வந்த சுமார் ஆயிரம் பேரும் லாட்வியாவின் ரீகா அருகே அன்று காலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். மறுநாள் குறிப்பில் 'எஸ்எஸ் நிர்வாக அதிகாரிகள் இருக்க வேண்டும்' என்ற பொருளில் 'ஹாபன்' என்று ஒரு சொல் வருகிறது. அதை இர்விங் 'யூடன்', அதாவது யூதர்கள், என்று படித்தார். யூதர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அர்த்தமே மாறிவிட்டது! கிரயப் பத்திரம் என்றேனே, இதற்குத்தான். கையெழுத்தைத் தப்பாகப் படிப்பது யாருக்கும் நேரும். ஆனால் இர்விங்கின் தவறுகள் எல்லாமே ஹிட்லருக்குச் சாதகமாகவே விழுந்தன. கடைக்காரர் மீதிச் சில்லறையில் தற்செயலாகத் தவறினால் சில தடவை நமக்கு லாபமாகவும் இருக்க வேண்டுமே!

இரண்டாவது, டிரெஸ்டன். 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசி அழித்த நகரம். 2,02,040 பேர் இறந்ததாகவும், எண்ணிக்கை 2,50,000 வரை போகலாம் என்றும் சொல்லும் ஒரு போலீஸ் உத்தரவு நகல் இர்விங்குக்குக் கிடைத்தது. உண்மையான உத்தரவில் இருந்த எண்கள் 20,204, 25,000. யாரோ கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 1966இலேயே வேறு நம்பகமான அறிக்கை கிடைத்து, எண்ணிக்கை குறைவுதான் என்று இர்விங் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகும் பெரிய எண்களையே சொல்லிவந்தார். டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழுவும் 2010இல் அதிகபட்சம் 25,000 என்றுதான் முடிவுக்கு வந்தது.

வழக்கு என்ன ஆனது?

2000 ஜனவரி 11இல் தொடங்கியது. எவன்ஸை இர்விங் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார். எவன்ஸ் பெரும்பாலும் நீதிபதியைப் பார்த்தே, அறிக்கையின் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கேட்டுப் பதில் சொன்னார். பார்வையாளர்களுக்கு அலுப்பாக இருந்திருக்கும். ஒரு கட்டத்தில் இர்விங் நீதிபதியையே வாய்தவறி ஜெர்மனில் 'என் தலைவரே' என்று, ஹிட்லரை அழைக்கும் சொல்லால் அழைத்துவிட்டார். அதற்கு மேல் நாடகம் எதற்கு?

ஏப்ரல் 11இல் நீதிபதி சார்ல்ஸ் கிரே தீர்ப்பு சொன்னார். இர்விங் தன் கொள்கைக்காக வரலாற்று ஆதாரங்களைத் தொடர்ந்து, வேண்டுமென்றே திரித்தார் என்பது முடிவு. செலவுத்தொகை கட்ட முடியாமல் 2002இல் இர்விங் திவாலானார். இந்த அனுபவத்தை எவன்ஸ் நூலாக எழுதியபோது, இன்னொரு அவதூறு வழக்குக்குப் பயந்து பிரிட்டனில் ஒரு பதிப்பகம் பின்வாங்கியது தனிக் கூத்து. நூல் முதலில் அமெரிக்காவில்தான் வந்தது.

மூன்று பாக வரலாறு எப்படி வந்தது?

வழக்குக்காக வேலைபார்க்கையில், நாஜி ஜெர்மனியின் முழுக்கதையையும் பொதுவாசகருக்குச் சொல்லும் விரிவான நூல் கைக்குக் கிடைக்கவில்லை என்று உணர்ந்தாராம். 2003, 2005, 2008 என மூன்று பாகங்கள். முதல் பாகம் 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தது வரை, இரண்டாவது 1939 வரை, மூன்றாவது போர்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஜெர்மன் சொற்களை அவர் அப்படியே விடுவதில்லை. 'ஃப்யூரர்' என்று எழுதாமல் ஆங்கிலத்தில் வெறுமனே 'தலைவர்' என்று எழுதுகிறார். அன்னியச் சொல்லைச் சுற்றி உருவாகும் மாய வளையம் கலைந்துவிடுகிறது. 'தலைவர்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பழக்கப்பட்ட சொல்!

நாட்குறிப்புகளை அவர் பயன்படுத்தும் விதமும் அப்படித்தான். லூயிஸ் ஸோல்மிட்ஸ் என்ற ஹாம்பர்க் ஆசிரியை பாகங்கள் நெடுக வந்துபோகிறார். 1933 பிப்ரவரியில் நாஜிகளின் தீவட்டி ஊர்வலத்தைப் பார்த்துப் பூரித்து எழுதியவர். அவர் கணவரோ பிறப்பால் யூதர், மதம் மாறியவர், முதல் உலகப் போரில் நாட்டுக்காகப் போரிட்டவர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்று அந்த நாட்குறிப்பே சொல்லிவிடுகிறது.

இவர்மேல் விமர்சனமே இல்லையா?

உண்டு. சண்டைக்கோழி என்ற பெயர் உண்டு. 2010இல் வந்த டிமோத்தி ஸ்னைடரின் கிழக்கு ஐரோப்பியக் கொலைகள் பற்றிய நூலை மிகக் கடுமையாக விமர்சித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்னைடர் எவன்ஸின் மூன்றாம் பாகத்தைக் குறைசொல்லி எழுதியிருந்தார். படித்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பார்களா? 1997இல் வரலாற்றில் உண்மை என்று ஒன்றில்லை, எல்லாம் சொல்லாடல் என்றவர்களுக்கு எதிராக எழுதிய நூலுக்கும் வசவு வந்தது. கோட்பாடு தெரியாமல் பேசுகிறார் என்றார்கள். மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் நடந்ததைப் பார்த்தால், அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பிறகு?

ஓய்வு எங்கே! 2019இல் மார்க்சிய வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமின் வாழ்க்கை வரலாறு, 2020இல் ஹிட்லரைச் சுற்றிய சதிக்கதைகள் பற்றி ஒன்று, 2024இல் ஹிட்லரைச் சூழ்ந்திருந்த மனிதர்கள் பற்றி ஒன்று. நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்களை உரியவர்களுக்குத் திருப்புவது பற்றி பிரிட்டிஷ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவிலும் இருந்தார்.

எதில் தொடங்குவது?

எல்லோரும் மூன்று பாகங்களின் முதலாவதைச் சொல்வார்கள், தப்பில்லை. நேரம் குறைவென்றால் வழக்கு பற்றிய நூலை எடுங்கள், அது சின்னது. ஹாம்பர்க் நூல் தடிமன்தான். நேராக 1892 ஆகஸ்டு வரும் இடத்துக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து பின்னால் திரும்பிப் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். அல்டோனாவுக்கும் ஹாம்பர்குக்கும் நடுவே உள்ள எல்லை எங்கே போகிறது என்று பார்க்க ஒரு வரைபடம் பக்கத்தில் இருப்பது நல்லது.